பீரங்கி மேட்டில் சொன்னது

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பூக்கட்டும் சின்னக்கண்ணுவுக்குக் கூடப்பிறந்தவன் சுருளிவேல் ஒருத்தன்தான். அவன் போனபின் அண்ணன் ஸ்தானத்தில் நின்றவர் ஆத்தூர் சிலுவைமுத்து. கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தும், அவள் மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி கொடுத்தவர் அவர்தான்.

சிலுவைமுத்துவும் சுருளிவேலும் ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தவர்கள். கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்துக்குக் காவலாக இருந்த பீரங்கித் தளத்தில் வேலை. எழுபத்திமூணாம் வருசம், சுடும் பயிற்சி நாளன்று, காது வலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டார் சிலுவைமுத்து. வலியெல்லாம் இல்லை, வெயிலில் நிற்கச் சடைவு, அம்புட்டுதான். அவருக்குப் பதிலாகக் குண்டு ஏற்றப் போனான் சுருளிவேல். பீரங்கியின் பின்பக்கம் வெடித்தது. அள்ளிக் கட்டக்கூட உடம்பு மிஞ்சவில்லை.

அவனுடைய டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்கு வந்தவரிடம் தாய் கருப்பம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "வீட்ல சும்மா கெடக்கான்னு நாந்தானப்பு வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டுனேன். நானே எம்புள்ளயக் கொன்னுபுட்டேனே!"

அந்த நிமிசத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வருசமும் சொல்லுவது கஷ்டமாகிக்கொண்டே போனது.

போன வருசம் சின்னக்கண்ணுவின் மகன் செல்போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னான்: அந்தத் தளத்தைப் பூங்காவாக்கி, பீரங்கிகளை அப்படியே வைத்து, சனங்களைப் பார்க்க விடுகிறார்களாம். அவள் ஆத்தூருக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அவன் உசுரு போன எடத்துல ஒரு மொழம் பூவ வச்சிட்டு வந்துர்றேன். கூட்டிப் போங்க."

முழங்கால் வலி, மழை, பேத்தி பரீட்சை என்று ஏழெட்டு மாதம் தள்ளினார். அதற்குமேல் தள்ள முடியவில்லை.

நாலு பீரங்கிகளும் புதுப் பெயிண்டில் மினுங்கின. சுற்றிலும் புல்தரை. குழாயின் மேல் பிள்ளைகள் குதிரை ஏறிக்கொண்டிருந்தார்கள். பலகையைப் படிக்கச் சொன்னாள் சின்னக்கண்ணு. பீரங்கியின் எடை, குண்டு போகும் தூரம், செய்த வருசம், எல்லாவற்றையும் படித்தார்.

"அவன் பேரு எங்கண்ணே?"

"இல்ல தாயி."

மூன்றாவது பீரங்கியைக் காட்டினார். அதன் காலடியில் மல்லிகையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா வெரட்டுனான்னு தானே சாமி இம்புட்டுத் தூரம் வந்த" என்று அவள் அழத் தொடங்கியதும் சிலுவைமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு இங்க நிக்க வேண்டியவன் நான் தாயி. காது வலின்னு பொய் சொல்லிட்டேன். எனக்குப் பதிலாத்தான் அவன் வந்தான்."

அழுகை சட்டென்று நின்றது.

"எங்கம்மா தாந்தான் கொன்னேன்னு பொலம்பிப் பொலம்பியே செத்தா. கடைசியில நீங்கதானே பக்கத்துல உக்காந்து வாயில கஞ்சி ஊத்துனீங்க. அப்பக்கூடச் சொல்லத் தோணலையா?"

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று ஐம்பது வருசமாக நம்பியிருந்தார். எதுவும் இறங்கவில்லை.

திரும்பும் ரயிலில் எதிரெதிர் இருக்கை. அவர் வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை அவள் தொடவில்லை. திண்டுக்கல்லில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அதன்பின் மூன்று தடவை சந்தைக்குப் போனார். முதல் தடவை தலை நிமிராமல் பூக்கட்டினாள். இரண்டாம் தடவை எழுந்து போய்விட்டாள். மூன்றாம் தடவை அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக்கா இப்ப வீட்லயே கட்டிக் குடுத்து விடுதுங்கய்யா. நீங்க இங்க வாரீகன்னுதான் சந்தைக்கே வாரதில்லையாம்."

சிலுவைமுத்து அதற்கப்புறம் நிலக்கோட்டைக்குப் போகவில்லை.