மேடில்லாத ரோட்டில் கியர் எதற்கு: சங்கரன்கோவிலிலிருந்து வாசுதேவநல்லூருக்கு

சைக்கிளில் நான். ஸ்கூட்டியில் என் நாத்தனார் எஸ்தர். வாசலில் நின்று சிரித்தவர் என் கணவர். வேறு யாரும் இல்லை. ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி.

வாசுதேவநல்லூரில் பத்து மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கியர் சைக்கிளில் போகிறேன் என்றேன்.

"மேடே இல்லாத ஊர்ல கியரு எதுக்குட்டி? திங்கக்கிழமை ஆள் வாராரு, வித்துருவோம்" என்றார் கணவர்.

"உருட்டாம, ஸ்கூட்டில ஏறாம போய்ச் சேந்துட்டா?"

"சேந்துட்டா சைக்கிள் ஒனக்கு." உடனே எஸ்தரைக் கூப்பிட்டு, பாதியில் என்னை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிப் பின்னால் அனுப்பினார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தின நாளே, அவர் கடைக்குப் போனபிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருந்தேன். முன்னால் பெரிய பல்சக்கரம், நாற்பத்திரண்டு பல். பின்னால் சின்னது, பதினான்கு. டயர் மூன்று சுற்று ஓடியது. முன்னால் இருபத்துநாலு, பின்னால் இருபத்தெட்டு என்று மாற்றினால் ஒரு சுற்றுகூட முழுதாக வரவில்லை. கியர் நமக்குப் பலம் தரும் என்று நினைத்திருந்தேன். தராது. மொத்தமாகக் கட்ட வேண்டியதைத் தவணையாகப் பிரித்துத் தருகிறது. பாரம் குறையும், மிதி கூடும்.

ஊரைத் தாண்டியதும் மேல்காற்று பிடித்துக்கொண்டது. இந்த மாதங்களில் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று, மேட்டைவிட மோசம். மேட்டுக்காவது ஒரு முடிவு உண்டு. புளியங்குடிக்கு முன்னால் வெட்டவெளி. எஸ்தரின் ஸ்கூட்டியே ஆடியது.

"மைனி, போதும். ஏறிக்கிடுங்க, அண்ணன்ட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று மாற்றிக்கொண்டு மிதித்தேன். டீக்கடை வாசலில் ஒருவர், "அக்கா, நடந்தா இதவிட வெரசலா போயிரலாமே!" என்றார். போகலாம்தான். ஆனால் நான் நிற்கவில்லை.

புளியங்குடியில் கணவரின் போன் எஸ்தருக்கு வந்தது. "எங்கன நின்னுட்டா உன் மைனி?"

"மைனி நிக்கல அண்ணே. நாந்தான் பெட்ரோல் பங்க்ல நிக்கேன்."

ஒன்பது இருபதுக்கு வாசுதேவநல்லூர். சேலைக் கரையில் கிரீஸோடு ஜெபத்தில் உட்கார்ந்தேன். காலும் காற்றும் ஆண்டவர் கொடுத்தவை. பல்லை எண்ணிப் பார்க்கிற புத்தியையும் அவரே கொடுத்தார். அதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? திரும்பும்போது காற்று முதுகில். பெரிய பல்லில் போட்டேன், இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தூரம் ஏறத்தாழ இருபத்தேழு கிலோமீட்டர். காற்றுக் காலத்தில் ஆறு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். எனக்குச் செலவு திரும்பும்போது குடித்த ஒரு டீ மட்டும், பதினைந்து ரூபாய். பெட்ரோல் எஸ்தர் கணக்கு. கியரைக் கால் திணறுவதற்கு முன்பே, மிதித்துக்கொண்டே மாற்றுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும். என் சேலை சாட்சி.

கடைசியாக, என் கணவருக்கு. இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். சைக்கிள் விற்பனைக்கு இல்லை. திங்கட்கிழமை வருகிறவரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.