காளான் அறைக்குப் போன ஒயர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கை வைத்த லிஃப்ட் நடுவழியில் நின்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில்தான் கதை வேறு. லீவு நாள் வந்தால் போதும், தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு நெட்வொர்க் கேபிள் மாட்ட உட்கார்ந்துவிடுவார். "வைஃபை இருக்கே மாமா?" என்று கேட்டுவிடக் கூடாது. "அது காத்து, இது கம்பி. காத்தை நம்பி லிஃப்ட்டைத் தொங்கவிடுவியா?" என்பார். பதில் சொன்னால் இன்னும் நீளும்.

அக்கா பின்னறையில் காளான் வளர்த்து விற்கிறாள். அறை சூடாகிவிட்டால் அத்தனையும் போச்சு. மாமா அங்கே ஒரு போர்டை வைத்து, ஹால் சுவரோரமாக நீலக் கேபிள் இழுத்து, அறையின் வெப்பநிலை சமையலறையில் மாட்டிய சின்ன டிஜிட்டல் திரையில் தெரியும்படி செய்தார். அக்கா அரை மனதோடுதான் நம்பினாள்.

நன்றாகத்தான் ஓடியது, மாமாவுக்குக் கை அரிக்கும் வரை. யாரிடமும் சொல்லாமல் ஹாலில் இருந்த மீன் தொட்டிக்கும் ஒரு போர்டு மாட்டினார். மறுநாள் திரை இருபத்துநாலு டிகிரியிலேயே நின்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பின்னறை மின்விசிறியும் நின்றுபோயிருந்தது. காளானெல்லாம் வாடிக் கிடந்தது. அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, ஒயரையும் உங்களையும் சேர்த்துச் சுருட்டி வெளிய வெச்சிடுவேன்" என்றாள்.

மாமா கேபிளை மாற்றினார். முனையை வெட்டிப் புது பிளக் போட்டார். கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் திட்டினார். எதற்கும் அது மசியவில்லை. மீன் தொட்டிப் போர்டைப் பிடுங்கினால் காளான் போர்டு பேசும்; மாட்டினால் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம்தான் போர்டுகளில் ஏற்றியிருந்த புரோகிராமைத் திறந்து பார்த்தார். இந்த மாதிரிச் சின்னப் போர்டுகளுக்கு நெட்வொர்க்கில் சொந்த அட்ரஸ் கிடையாது. நாம்தான் ஆளுக்கொன்று எழுதித் தர வேண்டும். மாமா காளானுக்கு எழுதியதை அப்படியே மீனுக்கும் காப்பி அடித்திருந்தார். ஒரே அட்ரஸில் இரண்டு பேர் இருந்தால் ஸ்விட்ச் தகவலை யாரிடம் கொடுக்கும், பாவம்! அந்த வரிக்கு மேலேயே, ஒவ்வொரு போர்டுக்கும் இதை மாற்றவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊரிலுள்ள லிஃப்டுகளில் எல்லாம் 'குறிப்பைப் படிக்கவும்' என்று ஒட்டிவிட்டு வருகிறவர் இவர்தான்.

அட்ரஸை மாற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அக்கா முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னோடதுதான். ஒயரைக் கழட்டிடறேன்."

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்புறம் எதுக்குக் கழட்டறீங்க? கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

அதைக் கேட்டதும் மாமாவை விட எனக்குத்தான் நிம்மதி.

இப்போது திரை ஒழுங்காகக் காட்டுகிறது. ஆனாலும் அக்கா காலையில் எழுந்ததும் பின்னறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருகிறாள். போன வாரம் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னுமா நம்பிக்கை வரல? ஸ்கிரீன்லதான் காட்டுதே!"

"காளானை யாரு பாக்கப் போனா?" என்றாள் அக்கா. "உங்க ஒயரை எலி கிலி கடிச்சு வெச்சிருக்கான்னு பாத்துட்டு வரேன்."