மின்விசிறியும் ஒரு ராஜினாமாவும்

டயர் கடை மாடியில் சபை நடத்திவந்த போதகருக்கு ஒருநாள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத்தான் கீழே சுத்தியல் சத்தம் கிளம்பும். மேலே, முன்வரிசையில் கறிக்கடைக்காரர் குறட்டை விடுவார். இத்தனை வருஷம் பேசித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"இன்னைக்கு சபைக் கூட்டத்துல சொல்லிடப் போறேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார் மனைவியிடம்.

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

ஆராதனை முடிந்து கூட்டம் தொடங்கியது. போதகர் செருமிக்கொண்டு எழுந்தார். "ஒரு முக்கியமான விஷயம்..."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன் ஐயா" என்று தையல்காரம்மா எழுந்துவிட்டார். "இந்த ஃபேனுக்கு ஒரு முடிவு கட்டுங்க. என் தலைக்கு நேரா சுத்துது. வாரா வாரம் ஜலதோஷம்!"

கறிக்கடைக்காரர் விடுவாரா? "அக்கா வேற நாற்காலிக்கு மாறிக்கட்டும்."

"நான் ஏன் மாறணும்? அது எங்க வீட்டுக்காரர் உக்காந்த இடம்!"

அன்பைப் பற்றி அப்போதுதான் பிரசங்கம் கேட்டு எழுந்த சபை, காற்று வேண்டும், வேண்டாம் என்று இரண்டாக நின்றது. போதகர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம்: மின்விசிறியைக் கறிக்கடைக்காரர் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றுவது போதகர். ஊழியத்துக்கு வருமுன் அவர் எலக்ட்ரீஷியன்; அதை மட்டும் யாரும் மறக்கவில்லை.

மறுநாள் போதகர் ஏணியில் நின்றார், வாய் நிறைய திருகாணிகளோடு. கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் கறிக்கடைக்காரர்.

"ஐயா, பிரசங்கத்துல தூங்குறேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கும். பெரியவன் கோவிச்சுட்டுப் போனதுலேருந்து வீட்ல கண்ண மூட முடியல. இங்க உங்க குரலக் கேட்டாதான் தூக்கமே வருது."

இது பாராட்டா, திட்டா? போதகருக்குப் புரியவில்லை. "ம்" என்றார்.

"அவனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்களேன்."

"ம்ம்."

"இப்பவேவா? சரிங்க" என்று கறிக்கடைக்காரர் ஏணியை விட்டுவிட்டுக் கைகளைக் குவித்தார். ஏணி ஆடியது. போதகர் திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். மறுகையால் கூரைக் கொக்கியைப் பற்றிக்கொண்டார். "ஆண்டவரே, என்னைத் தாங்கும்" என்று உயிர்ப்பயத்தில் தொடங்கிய ஜெபம், மெல்ல மெல்ல அந்த மகனிடம் போய்ச் சேர்ந்தது. கண்ணைத் திறந்தபோது கீழே கறிக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்காவது சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

"கறிக்கடைக்காரரோட பெரிய பையன் ஒரு சிமெண்ட் கிடங்குல இருக்கானாம். நாளைக்குப் போய்ப் பாக்கணும். சீக்கிரம் எழுப்பி விடு."

முதல் தடவை போனபோது மகன் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அடுத்த தடவை "ஏன் சார் சும்மா சும்மா வர்றீங்க?" என்றான். அதற்கடுத்த தடவை டீ வாங்கிக் கொடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்கு முட்டிவலி எப்படியிருக்கு?" என்று கேட்டான்.

போதகருக்கு அப்படியொரு வலி இருப்பதே தெரியாது. "கேட்டுட்டு வந்து சொல்றேம்பா" என்று, மறுவாரத்துக்கும் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு பஸ் ஏறினார்.