புரோகிராமுக்கு ஒரு லேப்டாப்

எங்கள் உணவகத்தில் புரோகிராம் என்றால் ஒரே அர்த்தம்தான். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவோ யாராவது ஒருவருடைய மகளின் நாட்டிய அரங்கேற்றமோ நடக்கப்போகிறது, அதற்குச் சாப்பாடு நம்மிடம் என்று பொருள். “சனிக்கிழமை புரோகிராம் இருக்கு மாஸ்டர்” என்று முதலாளி சொன்னால் மைதாவை வழக்கத்தைவிட அதிகமாகப் பிசைய வேண்டும். பெரிய அலுமினியத் தட்டுகளைப் பின் அறையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். நியூஜெர்சியின் எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் பரோட்டா மாஸ்டராக வேலை பார்த்துவந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தேவைப்பட்டதில்லை.

என் மனைவி அமெரிக்கா வந்த இரண்டாம் வருடம், கவுண்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதப் படிக்கப்போவதாகச் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில், மகளை வளர்த்துக்கொண்டே தபால் வழியில் கணக்கில் பட்டமும் வாங்கிவிட்டாள். மகளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தாள். பகலில் ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே வரும் தாய்மார்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்தார்கள். “அவங்களும் கணக்குதான் படிச்சிருக்காங்க மச்சான். நானும் படிச்சா என்ன?” என்றாள். படி என்றேன்.

வகுப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. காலேஜ் லேபில் எப்போதும் கூட்டம். இவள் வகுப்பு முடியும் நேரத்தில் அதையும் பூட்டிவிடுவார்கள். எழுதிப் பார்க்காமல் படிப்பது, எண்ணெயைத் தொடாமல் பரோட்டா வீசக் கற்றுக்கொள்வது போலத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் தொடங்கும் அடுத்த பருவத்தில் பாடம் இன்னும் கடினம், ஆளுக்கொரு லேப்டாப் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

“லேப்டாப் கிடைச்சா சேருதேன். இல்லன்னா இதோட போதும் மச்சான்” என்றாள் மனைவி. அதைச் சொல்லும்போது துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், முகத்தைக் காட்டவில்லை. பிறகு, “உங்க கடைக்கு வர்றவங்க எல்லாம் கம்ப்யூட்டர் ஆளுங்கதானே. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கஷ்டம். முதலாளி என் மேடையை வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் போட்டிருந்தார், பரோட்டா வீசுவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று. பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். யாராவது பாராட்டினால் மாவை இன்னும் ஓங்கி அடிப்பேன், அவ்வளவுதான் என் பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருமண்ணோடு நேராக எங்கள் கடைக்கு வருவார். உட்காருவதற்கு முன்னால் கண்ணாடி அருகே நின்று இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டு பரோட்டா, நன்றாக முறுகலாக. சென்னைக்காரர். தமிழ்ச் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருந்தார். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார். கேட்டால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து, மூன்று ஞாயிறு விட்டுவிட்டு நான்காவது ஞாயிறு வாயைத் திறந்தேன்.

“சார், புரோகிராமுக்கு ஒரு லேப்டாப் வாங்கணும். எது நல்லா இருக்கும்?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியம்.

“அட, மாஸ்டர்! உங்க புரோகிராமா?”

“வீட்ல சார். அவ செய்யுதா.”

“சூப்பர். எங்க வெச்சு?”

“காலேஜ்ல.”

“காலேஜ் ஹாலா? அப்ப கவலையே இல்ல, பிளக் பாயின்ட் எல்லாம் இருக்கும். எவ்ளோ பேர் வருவாங்க?”

“ஒரு இருபது, இருபத்தஞ்சு பேரு சார்.”

“சின்ன கூட்டம்தான். ஸ்கிரீன் பெருசா இருந்தா புரொஜெக்டர் இல்லாமலே ஓட்டிடலாம். சவுண்டு முக்கியம் மாஸ்டர், சவுண்டுல கோட்டை விட்டுடாதீங்க. கிராபிக்ஸ் கார்டு நல்லதா இருந்தா வீடியோ திக்காது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தெரிந்தவர் சொல்கிறார் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கே ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குத் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடையில் நான் வாயே திறக்கவில்லை. அவரும் விற்பனைப் பையனும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பையன் ஒரு பெரிய கறுப்பு லேப்டாப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “கேமிங், கேமிங்” என்று பலமுறை சொன்னான்.

“கேம் ஆடறவங்களுக்குன்னு செஞ்சது மாஸ்டர். கேமே ஓடும்னா மத்ததெல்லாம் பறக்கும். இன்னிக்கு ஒரு நாள்தான் இந்த ரேட்டு, விடாதீங்க” என்றார் சென்னை நண்பர்.

மனைவி அப்போது டேகேரில் இருந்தாள். அவளைக் கேட்காமல் வாங்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. விலை குறைந்த நாளைத் தவறவிட்டோம் என்று ஆகிவிடக்கூடாது என்ற நினைப்பு அதை அடக்கிவிட்டது. வாங்கிவிட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தபோது, அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு வருவது போல இருந்தது. சந்தோஷமாகத்தான் வந்தேன்.

அவளும் சந்தோஷப்பட்டாள். மூடியைத் திறந்ததும் எழுத்துப் பலகையின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு ஓரத்திலும் நீல விளக்கு.

“என்ன மச்சான், கல்யாண வீடு மாதிரி லைட்டா எரியுது!” என்று சிரித்தாள். பிறகு தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. காலேஜுக்குக் கொண்டுபோகும் பையில் அது நுழையவில்லை. பயணப் பை ஒன்றை எடுத்து அதில் வைத்தாள்.

போகும்போது பஸ். திரும்பும்போது வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு குஜராத்திப் பெண் காரில் கொண்டுவந்து விடுவாள். முதல் நாள் வீடு திரும்பிய மனைவி தோளைத் தடவிக்கொண்டே, “நல்லா வேகமா இருக்கு” என்றாள். இரண்டாம் வகுப்புக்குப் போய்வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னாள். பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிளக் இருப்பது கடைசி வரிசைச் சுவரில். அங்கே போய் உட்கார்ந்தால் ஆசிரியை போர்டில் எழுதுவது தெரியவில்லை. போதாததற்கு, உள்ளே இருக்கும் ஃபேன் திடீரென்று மிக்சி மாதிரி இரைகிறது. வகுப்பே திரும்பிப் பார்க்கிறது.

“எல்லாம் ஓடுது மச்சான். ஆனா நான் எழுதுததுக்கு இதுல ஒரு ஓரம்கூட வேண்டாம். சும்மா தூக்கிச் சொமக்கேன்.” பையை மூலையில் வைத்துவிட்டு, “அடுத்த பருவம் வேண்டாம்னு இருக்கு. இதை வச்சே வீட்ல நானா படிச்சுக்கிடுதேன்” என்றாள்.

வீட்டில் தானாகப் படிப்பது என்றால் என்ன என்று இருவருக்குமே தெரியும். டேகேரிலிருந்து வந்து, சமைத்து, அயர்ந்து தூங்கிவிடுவாள். வகுப்பு இருக்கும் நாளில்தான் அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். அவள் தங்கச்சங்கிலி கேட்டு நான் வாங்கிக் கொடுக்காமல் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடம் இருந்திருக்காது.

அந்த ஞாயிறு நண்பர் வந்தார். கண்ணாடி அருகே நின்று இரண்டு விரலைக் காட்டிவிட்டு, “அப்புறம் மாஸ்டர், புரோகிராம் என்னிக்கு? நாங்களும் வரலாமில்ல?” என்றார்.

“எங்க சார்?”

“உங்க புரோகிராமுக்குத்தான். மேடம் என்ன, பாட்டா, டிராமாவா?”

மாவு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. “பாட்டு இல்ல சார். கம்ப்யூட்டர்ல எழுதுற புரோகிராம். காலேஜ்ல படிக்கா” என்றேன்.

அவர் அப்படியே நின்றார். பிறகு ஆரம்பித்தாரே ஒரு சிரிப்பு! சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார்.

“மாஸ்டர், இருபது வருஷமா அதான்யா என் பொழப்பு! காலைல எழுந்தா புரோகிராம், படுத்தா புரோகிராம். என்கிட்ட வந்து அதையே கேட்டிருக்கீங்க, நான் பொங்கல் விழாவ நெனச்சுக்கிட்டு ஸ்பீக்கர் பாத்து வாங்கிக் குடுத்திருக்கேன்!”

முதலாளி, “ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா வாங்கினீங்க போங்க” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பாரம், பேட்டரி, ஃபேன் சத்தம், அவள் சேரப்போவதில்லை என்று சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுவே முதல் முறை. பரோட்டா ஒன்று கல்லில் கருகிப்போனது.

நண்பர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “சேர மாட்டேன்னாங்களா? ஐயையோ, அது கூடாது. திருப்பிக் குடுத்துடலாம் மாஸ்டர், ரெண்டு வாரம் டைம் இருக்கு. இந்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. நான் வாய மூடிக்கிட்டு கார் மட்டும் ஓட்டறேன்.”

வாயை மூடிக்கொள்ளவில்லை. போகும் வழியெல்லாம் பேசினார். “கேம் ஆடறவனுக்குப் படம் முக்கியம் சிஸ்டர். நமக்கு எழுத்துதான் முக்கியம். நாள் பூரா எழுத்தத்தான் பாத்துட்டு இருக்கப்போறோம். கிராபிக்ஸுக்குப் போற காச மெமரிக்குப் போடுங்க. கீபோர்டு கைக்கு இதமா இருக்கணும். பாக்க அசிங்கமா இருந்தாலும் பரவால்ல.”

“இதை எல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றாள் என் மனைவி.

“அன்னிக்கு நான் உங்கள மேடையில பாட வெச்சுட்டேன்மா, என்ன பண்றது!”

எனக்கு இருந்த பயம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான். பெட்டியைப் பிரித்து, இரண்டு வகுப்புக்குக் கொண்டுபோய்வந்த சாமான். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இப்படிக் கொண்டுபோய் நின்றால் தெருவே கூடிவிடும். இங்கே கவுண்டரில் இருந்த பெண் ஏன் என்று கேட்டாள். மனைவி ஆங்கிலத்தில் “டூ ஹெவி” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின.

பிறகு மனைவி லேப்டாப்புகள் அடுக்கியிருந்த வரிசைக்குப் போனாள். நான் டிவிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் முதலில் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், மீன் வாங்குகிறவள் மாதிரி. பிறகு தனக்குத் தெரிந்த சின்ன புரோகிராம் ஒன்றை ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்த்தாள். ஒன்றில் அடைப்புக்குறி போடும் கட்டை மூலையில் பட்டாணி அளவு இருந்தது. அதை உடனே விட்டுவிட்டாள். இன்னொன்றின் திரை கண்ணாடி போல மினுங்கியது. “என் மொகந்தான் தெரியுது, எழுத்து தெரியல” என்று அதையும் விட்டாள்.

“சிஸ்டர், செமிகோலன் விட்டுட்டீங்க” என்றார் நண்பர், தோளுக்குப் பின்னாலிருந்து.

“போட்டிருக்கேன் அண்ணே. கண்ணாடிய மாட்டிப் பாருங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தார். “போட்டிருக்காங்க மாஸ்டர், போட்டிருக்காங்க!” என்று அங்கிருந்தே எனக்குச் செய்தி சொன்னார். பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் அவள் எடுத்தது வரிசையின் கோடியில் இருந்த ஒன்று. விளக்கு இல்லை, கோடு இல்லை, மங்கலான கறுப்பு. ஆபீஸ்காரர்கள் வாங்குவது என்று விற்பனைப் பையன் சொன்னானாம். மெமரியைப் பிறகு வேண்டுமானால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று அவளே கேட்டாள். இருக்கிறது என்றான். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். அவன் சொன்னதில் பாதிதான் நிற்கும் என்று நண்பர் தமிழில் சொன்னார். பாதி நின்றால் போதும், வகுப்புக்குச் சரியாக இருக்கும் என்றாள். இதில் கேம் சரியாக ஓடாது என்று பையன் ஒருமுறைக்கு இருமுறை எச்சரித்தான். ரொம்ப நல்லது என்று சொன்னாளாம்.

வரும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. நான் பின்சீட்டில் சும்மா உட்கார்ந்து வந்தேன். பழையதைவிட விலையும் குறைவு. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் நண்பரும் ஏதோ ஒரு கணக்கைப் பற்றி வாதாடிக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தது.

ஜனவரியில் பருவத்தில் சேரக் கடைசி நாளுக்கு முதல் நாள், அந்த லேப்டாப்பிலேயே காலேஜ் பக்கத்தைத் திறந்து பதிவு செய்தாள். “சேந்துட்டேன் மச்சான்” என்றாள்.

முதல் வகுப்பு அன்று குளிர் கடுமையாக இருந்தது. குஜராத்திப் பெண்ணின் கார் போகும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். மனைவி கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்குப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லலாமாம், எப்போது நிறுத்த வேண்டும் என்றும் நாமே சொல்லிவிட வேண்டுமாம்.

“நிறுத்தச் சொல்லலன்னா?” என்றேன்.

“நிக்காது மச்சான். ஓடிக்கிட்டே கெடக்கும். எனக்கு அதான் ஆச்சு இன்னைக்கு. ஸ்கிரீன் பூரா ஒரே நம்பரு, நிக்கவே மாட்டேங்கு. டீச்சரே வந்து எட்டிப் பாத்துச் சிரிச்சிட்டாங்க.”

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். அடுத்த வகுப்பு என்றைக்கு என்று கேட்டேன்.

“வியாழக்கெழம” என்றாள்.