யூனியன்வில் குளக்கரையில் ஒரு சுவீடன் வாக்கு

அண்ணாவின் மகனுக்கு ஓகஸ்டில் ரொறன்ரோவில் கல்யாணம். அதற்காகத்தான் போனேன். நான் இருப்பது சுவீடனின் வடக்கே ஒரு சின்ன நகரம். அங்குள்ள ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் உதவித் தாதியாக வேலை செய்கிறேன். ஸ்ரொக்ஹோமிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாகப் போய்வர 10,400 குரோனர். மலிவான ரிக்கெற் என்று உடனே வாங்கிவிட்டேன். திரும்பும் திகதியைப் பிறகுதான் நாட்காட்டியில் பார்த்தேன். செப்ரெம்பர் இரண்டாவது ஞாயிறு எங்கள் தேர்தல். நான் திரும்புவது அதற்கு ஆறு நாள் கழித்து.

சுவீடனில் அன்று ஒரே நாளில் மூன்று வாக்குப் போடுவோம். நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, நகரசபைக்கு வெள்ளை, மாவட்ட சபைக்கு நீலம். முதல் இரண்டையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த நீலச் சீட்டுத்தான் முக்கியம். ஆஸ்பத்திரிகள் மாவட்ட சபையின் கையில் இருக்கின்றன. எங்கள் பிரசவ வார்டை மூடிவிடலாமா என்று அந்தச் சபை இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தது. மூடினால் அடுத்த வார்டு 118 கிலோமீட்டர் தூரத்தில். ஒரு பெப்ரவரி மாதம், அந்தப் பாதையில், அம்புலன்ஸுக்குள் ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் தேர்தல் விகிதாசார முறை. ஒரு கட்சிக்கு விழும் வாக்குகளின் பங்குக்கு ஏற்ப இருக்கைகள். 'எங்கட ஆள் எப்படியும் தோற்கும், போட்டு என்ன பலன்' என்று வீட்டில் இருக்க முடியாது. கடைசி இருக்கை மிகச் சில வாக்குகளில் கைமாறலாம். அதனால், வெளிநாட்டிலிருந்து தபாலில் வாக்களிப்பதற்கான உறைகளை வாங்கி, கல்யாணச் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன்.

அண்ணாவின் வீடு ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில். பெண்வீட்டார் லண்டனிலிருந்து வந்து அந்த வீட்டை நிரப்பியிருந்தார்கள். ஆகவே நான் மல்வேர்னில் ஒரு வீட்டின் கீழறையை நாளுக்கு 45 டொலருக்கு எடுத்துக்கொண்டேன். யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. காலையில் கண் விழித்தால் புல்லின் நுனியும் அதற்கு மேலே வெளிச்சமும்தான் தெரியும். நேர வித்தியாசத்தில் முதல் பத்து நாளும் நான் முழுதாக விழித்திருக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் தமிழில் கதைப்பது கேட்கும். சுவீடனில் தமிழ் என்றால் எனக்குத் தொலைபேசிக்குள் இருக்கும் மொழி. இங்கே அது யன்னலுக்கு மேலே கால்களோடு நடந்து போனது. கல்யாண மண்டபத்தில்கூட ஏதோ தண்ணீருக்கு அடியில் நின்று பார்ப்பதுபோலத்தான் இருந்தேன். பூவும் புகையும் சனமும் மெதுவாக அசைந்தன.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், ஒரு புதன்கிழமை, உறைகளை எடுத்தேன். முறை இதுதான். யாரும் பார்க்காத இடத்தில் சீட்டுகளைச் சிறிய உறைகளில் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு சாட்சிகளின் கண்முன்னால் அவற்றைப் பெரிய உறைக்குள் வைத்து மூடிக் கையெழுத்து வைக்க வேண்டும். சாட்சிகள் பதினெட்டு வயதைத் தாண்டியிருந்தால் போதும். எந்த நாட்டவராகவும் இருக்கலாம். முதல் வேலையைக் கட்டிலில் இருந்தபடியே முடித்தேன். சாட்சிக்கு அண்ணாவும் அவர் மனைவி மச்சாளும் இருக்கிறார்கள்தானே என்று புறப்பட்டேன்.

மல்வேர்னிலிருந்து யூனியன்வில்லுக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். மூன்று பஸ் மாற வேண்டும். பிரெஸ்ரோ என்ற பயண அட்டையில் 3 டொலர் 30 சதம், இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் திரும்பக் கட்டத் தேவையில்லை. 10:20க்கு ஏறினேன். இரண்டாவது பஸ்ஸில், பையை மடியில் அணைத்தபடி, வெயிலில் தூங்கிப்போனேன்.

"அன்ரி, கென்னடி ரோட் வந்திட்டுது. நீங்கள் இதிலை இறங்க வேணுமெண்டு சொன்னனீங்கள்."

டிரைவர் முன்கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கே இருக்கிறேன் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது.

11:45க்கு அண்ணா வீட்டுக் கதவைத் தட்டினேன். விருந்தினர்கள் நயாகராவுக்குப் போய்விட்டார்கள். மச்சாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "எனக்கென்ன, எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு காட்டும்" என்றார். அண்ணா பெரிய உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"உது என்ன பாஷை?"

"சுவீடிஷ்தான் அண்ணா. நீங்கள் இதிலை பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைச்சால் சரி."

உறையை மேசையில் வைத்தார். "நான் வைக்க மாட்டன். பக்கத்து வீட்டுக்காரரைக் கேள். நல்ல மனிசன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி கேக்கிறா. உங்களுக்கு என்ன வந்தது?" என்றார் மச்சாள். "போனைப் பிடிச்சால் அதுவே தமிழிலை மாத்திச் சொல்லும்."

"வைக்க மாட்டன் எண்டால் வைக்க மாட்டன்."

என்னைவிட அண்ணா பன்னிரண்டு வயது மூத்தவர். நான் எங்கே படிப்பது, யாரைக் கட்டுவது, எந்த நாட்டுக்குப் போவது எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது. அதற்காக ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அன்று கோபம் வந்தது. வாழ்க்கையில் நானாக எடுத்த ஒரு முடிவுக்கு இவர் பேனையைக்கூட எடுக்க மாட்டாராமா? "இவ்வளவு காலமும் நீங்கள் சொன்ன இடத்திலையெல்லாம் நான் கையெழுத்து வைச்சனான்" என்று சொல்லிவிட்டு, உறைகளைப் பைக்குள் தள்ளி வெளியே நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மெயின் ஸ்ட்ரீட்டின் வடக்கு முனையில் ஒரு குளம் இருக்கிறது. சுற்றி நடக்க அரை மணித்தியாலம் போதும், கட்டணம் இல்லை. யூனியன்வில் போகிறவர்கள் ஐஸ்கிறீம் கடையோடு திரும்பிவிடாமல் இங்கே வரை நடந்து பாருங்கள். அன்று தண்ணீரில் அலையே இல்லை. மரங்கள் தலைகீழாக நின்றன. வாத்துகள் நீந்தியபோது அந்த மரங்கள் கலைந்து, பிறகு ஆறுதலாகத் திரும்பவும் கூடின. ஒரு மரமேசையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோபம் எங்கோ கழன்று போனது. மிஞ்சியது நித்திரைதான்.

மேசை அசைந்தபோது நிமிர்ந்தேன். அண்ணா எதிரே இருந்தார். மூச்சு வாங்கியது. நடந்தே வந்திருக்கிறார்.

"நான் கொழும்பிலை கடையிலை நிண்டது எண்டு உனக்குச் சொன்னவை, என்ன?"

"ஓம். எனக்கு அப்ப பன்னிரண்டு வயது."

"கடையிலை நிக்கேல்லை. பஸ்ஸாலை இறக்கிக் கொண்டுபோனவங்கள். மூண்டாம் நாள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து வைச்சாங்கள். சிங்களம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கையெழுத்து வைச்சால் வீட்டை போகலாம் எண்டான் ஒருத்தன். வைச்சன்." குளத்தைப் பார்த்தார். "பதினாலு மாசம் உள்ளுக்கு இருந்தன் பிள்ளை. அந்தப் பேப்பரிலை என்ன எழுதியிருந்தது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் தொடர்ந்தார்.

"இங்கை வந்து இங்கிலிஷ் படிச்சது உதுக்குத்தான். வீடு வாங்கேக்கை ஒவ்வொரு பக்கமாய் வாசிச்சன். லோயருக்கு விசர் பிடிச்சிருக்கும். அதுக்குப் பிறகு, வாசிக்கத் தெரியாத பாஷையிலை ஒரு பேப்பர் எனக்கு முன்னாலை வந்ததில்லை. இண்டைக்கு நீ கொண்டுவந்து வைச்சாய்."

நான் பையைத் திறக்கவில்லை. "வேண்டாம் அண்ணா. பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்கிறன்" என்றேன்.

"எடு வெளியிலை," என்றார். "வாசி. போன் வேண்டாம். போன் சொன்னது எண்டு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? நீ வாசி."

சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றையும் பேனையையும் எடுத்தார். ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார். நான் உறையில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் எழுதினார். ஒரு சொல்லில் நான் தடுமாறினேன். வாக்காளர் தன் கையாலேயே செய்தார் என்ற பொருள்.

"தன்ர கையாலை. அப்ப நான் அதுக்கு மட்டும்தான் சாட்சி?"

"ஓம்."

"ஆருக்குப் போட்டாய் எண்டதுக்கு இல்லை."

"அது உங்களுக்குத் தெரியவே கூடாது."

"உன்னை ஒருத்தரும் வெருட்டேல்லை எண்டு இதிலை எங்கையும் இருக்கோ?"

இன்னொரு முறை வாசித்தேன். "இல்லை அண்ணா."

"இருக்க வேணும்," என்றார்.

மச்சாள் காரில் வந்து சேர்ந்தார், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு. காற்று வீசத் தொடங்கியிருந்தது. அண்ணா எழுதிய கடதாசி பறக்காமல் இருக்க அதன்மேல் பிளாஸ்கை வைத்தோம். இருவரும் பார்த்திருக்க, சின்ன உறைகளைப் பெரிய உறைக்குள் வைத்தேன், ஒட்டினேன், கையெழுத்து வைத்தேன். மச்சாள் சட்டென்று வைத்தார். அண்ணா தன் பெயரை முழுதாக, அப்பாவின் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடிய வெகுநேரம் எடுத்தது. தண்ணீரில் மரங்கள் கலைந்து கலைந்து கூடின. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தபால் பகுதி ஒரு மருந்துக்கடையின் பின்பக்கத்தில் இருந்தது. காரில் ஆறு நிமிடம். பிற்பகல் 3:40. உள்ளே என்ன என்று கேட்டார் கவுண்டரில் நின்ற பெண். வாக்கு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உறையை இரண்டு கையாலும் வாங்கி நிறுத்தார். பதிவுத் தபால் 28 டொலர் 41 சதம். அண்ணா ரசீதை வாங்கி முழுதாக வாசித்த பிறகுதான் என்னிடம் தந்தார்.

திரும்ப மல்வேர்னுக்கு பஸ்ஸிலேயே போனேன். அவர் காரில் விடுகிறேன் என்றார், நான்தான் மறுத்தேன். மாலை வெயில் பஸ்ஸின் ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கியது. வேலை முடிந்து வருகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், எல்லோர் முகமும் ஒரே பொன் நிறம். இருபத்திநாலு வயது அண்ணா எங்கோ ஒரு பஸ்ஸிலிருந்து இறங்குவதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்று தூக்கம் வரவில்லை, இறங்கும் இடமும் தவறவில்லை.

இதேபோலப் பயணம் போகிறவர்களுக்கு: ரிக்கெற் வாங்குமுன் தேர்தல் திகதியைப் பாருங்கள். உறைகளைப் புறப்படுமுன்பே எடுத்து வையுங்கள். தபால் வாக்கைச் சுவீடனுக்கு வெளியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு நாற்பத்தைந்து நாளுக்கு முன் அனுப்பினால் செல்லாது, பிந்தினால் போய்ச் சேராது. இரண்டு மூன்று கிழமை தபாலுக்கு விடுங்கள். தூதரக அலுவலகங்களிலும் சில நாட்களில் வாக்களிக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது, விசாரியுங்கள். சாட்சிகளை முதல் நாளே கேட்டு வையுங்கள். அவர்கள் எதில் கையெழுத்து வைக்கிறார்கள் என்பதை, கேட்காவிட்டாலும், வாசித்துச் சொல்லுங்கள்.

பிந்தி வரும் வாக்குகளைத் தேர்தலுக்குப் பிறகு வரும் புதன்கிழமை எண்ணுவார்கள். வார்டை மூட வேண்டாம் என்ற கட்சிக்கு, போனமுறையைவிட ஒரு இருக்கை கூடக் கிடைத்தது. வார்டைப் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. நேற்றும் அங்கே ஒரு பெண்குழந்தை பிறந்தது, நான் பக்கத்தில் நின்றேன்.

இந்தக் கட்டுரையை வெளியிடுமுன் அண்ணாவுக்குத் தொலைபேசியில் முழுதாக வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பதினாலு மாசமில்லை பிள்ளை. பதினாலு மாசமும் ஒன்பது நாளும். போடுறதெண்டால் சரியாய்ப் போடு."

அன்று குளக்கரையில் அவர் சொன்னதை மேலே அப்படியே விட்டிருக்கிறேன். அந்த ஒன்பது நாளையும் இங்கே எழுதுகிறேன்.