வில்பட்டியில் நிற்கும் பாய்மரப் படகு

தூத்துக்குடியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி, மலைமேல் வில்பட்டியில் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருவர் படுக்கும் சிறிய அறை. சரிசெய்து, ஓர் இரவாவது அதில் கடல்மேல் தூங்க வேண்டும். வேறெதற்கும் நான் இவ்வளவு ஏங்கியதில்லை.

விடுமுறையெல்லாம் படகுக்கே போயிற்று. உளுத்த பலகைகளை மாற்றினேன், மேல்தளத்தைப் புதிதாகப் போட்டேன். அதற்குள் தெருமுனையில் இருபுறமும் காட்டேஜ்கள் எழும்பின. கொத்தனார்களுக்கு என் குழாயிலிருந்துதான் தண்ணீர் கொடுத்தேன். சுவர்கள் நெருங்கி வருவதை நான் பார்க்கவேயில்லை. பார்த்ததெல்லாம் படகை.

சென்ற ஆண்டு படகைக் கடலுக்குக் கொண்டுபோக லாரிக்காரர் வந்தார். முனையில் நின்று தெருவை அளந்தார்.

“வண்டி உள்ள வராதுண்ணே. கிரேன் நிக்கவும் எடமில்ல. ரெண்டா அறுத்தா கொண்டு போயிரலாம்.”

“அறுத்தா மெதக்குமா?”

“அத என்கிட்டக் கேக்குறீங்களே” என்று சிரித்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

படகுக்குள் போய் உட்கார்ந்தேன். மூடுபனி சன்னலில் அலையலையாக வந்து மோதியது. அந்தப் படகில் கடலுக்குப் பக்கமாக நான் போனது அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, கப்பல் இன்னைக்குப் போகலையா?”

“இனிமே போகாதுக்கா.”

“அப்பச் சும்மாதான கெடக்கப்போகுது. மழையில பூண்டெல்லாம் அழுகுது. உள்ள கட்டித் தொங்கவிட்டுக்கவா?”

நானே ஆணி அடித்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க மழை.

“ஒரு சொட்டு ஒழுகல தம்பி. நல்லாக் கட்டிருக்கீங்க” என்றார் அக்கா.

அந்தப் படகை ஒருவர் மெச்சியது அந்த ஒரே தடவைதான். அதற்கப்புறம் நான் அதில் ஏறவில்லை.