அடியில் மண்டியில்லாத பாட்டில்

நான் எவனையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இங்கிலாந்தில் எங்கள் கீத்லி ஊரில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக நான்தான் நடுவர். இந்த வருஷப் போட்டியில் வில்ஃப் சக்டனின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. அடியில் மண்டியே இல்லை!

வீட்டு பீர் பாட்டிலுக்குள்தான் நுரை கட்டும். ஈஸ்ட் அடியில் மெல்லிய மண்டியாகப் படியும். அது இல்லையென்றால் கடைச் சரக்கு. எங்கள் சங்கத்தில் அவ்வளவுதான் பேச்சு.

"ஏம்ப்பா வில்ஃப், எந்தக் கடையில வாங்கின?"

"நானே காய்ச்சினது, ஆர்னால்ட்."

"போடா! போன வருஷம் உன் பீர்ல தவளை நீந்தியிருக்கும். இப்ப மட்டும் எப்படி?"

"தெளிய வச்சேன்."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கமுக்கமாக நின்றான், திருட்டுப் பயல். சனிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் சங்கத்திலிருந்தே பெயரை எடுத்துவிடுவோம் என்றேன். இருபது வருஷமாகச் சங்கமே கதியென்று கிடந்தவனுக்கு முகம் வெளுத்துப்போனது.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். கரி போட்டுவைக்கிற அறையில் முழங்காலிட்டு, பீப்பாய்க் குழாயை நூலளவு திறந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கிட்ட வராத! பீப்பா ஆடினா கலங்கிடும்."

"பீப்பாயிலயேவா நுரை கட்டின?"

"ஆமா. அப்புறம் தெளியறதுக்கு ஜெலட்டின் கரைச்சு ஊத்தி, பத்து நாள் குளிர்ல வச்சேன். மண்டி பூரா பீப்பாய்க்குள்ளயே தங்கிடும்."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எதுக்கு இவ்வளவு பாடுன்னு கேப்பீங்க. நாலு பேர் முன்னால அதை எப்படிச் சொல்ல?"

அவன் மனைவி எனிட் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "யாரு, ஆர்னால்டா? உக்காருங்க, ஒரு கிளாஸ் ஊத்தறேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் ஊற்றும்போதுதான் கை நடுங்குவதைப் பார்த்தேன். பாட்டில் கிளாஸ் விளிம்பில் கடகடவென்று அடித்தது. வேறு பாட்டிலாயிருந்தால் அத்தனை மண்டியும் எழும்பிச் சேறாகியிருக்கும். கடைசிச் சொட்டுவரை தெளிவாக விழுந்தது.

"ரெண்டு வருஷமா யாருக்கும் நான் ஊத்திக் கொடுக்கல," என்றாள். "சேறா வரும், வெக்கமா இருக்கும். இப்பப் பாருங்க! போட்டியில என்ன சொன்னாங்க? இவர் வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

வில்ஃப் தரையைப் பார்த்தான். எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது.

"முதல் பரிசு, எனிட்," என்றேன்.